தங்கம் செய்யும் பக்டீரியாவும் ஏமாந்தவர்களின் பட்டியலும்



கொஞ்சம் நீளமான பதிவு. முழுதாக வாசிக்க நேரமில்லாதவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "பக்டீரியாவை வைத்துத் தங்கம் செய்கிறோம், நீங்களும் பங்கு போடுங்கள்" என்று யாராவது வந்தால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். ஏன் என்று தெரிய வேண்டுமானால் தொடர்ந்து வாசியுங்கள். இதில் பொய்யும் இருக்கிறது, உண்மையும் இருக்கிறது. உண்மையான பகுதி பொய்யை விட அழகானது.

போன வாரம் அஸர் தொழுதுவிட்டு வெளியே வரும்போது எங்கள் ஊர் காக்கா ஒருவர் என்னைப் பிடித்து நிறுத்தினார். கையில் போன். "சேர், நீங்க விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள்தானே, இத ஒருக்கா பாருங்க. இது உண்மையா பொய்யா?" என்று கேட்டார்.

வட்ஸ்அப்பில் வந்த செய்தி. ஒரு கண்ணாடிப் பாத்திரத்துக்குள் மஞ்சள் துகள்கள் மினுங்கும் படம். கீழே இரண்டு விடயங்கள் எழுதியிருந்தன. ஒன்று, அமெரிக்க விஞ்ஞானிகள் 24 கரட் தங்கத்தை வெளியேற்றும் பக்டீரியாவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு, 1,200 வருடத்துக்கு முன்பே ஜாபிர் இப்னு ஹையான் சொன்ன இரசவாதம் இப்போது நிரூபணமாகிவிட்டது.

இது வெறும் பகிர்வு என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அவருடைய மச்சான் வழியாக ஒரு கூட்டம் இந்தச் செய்தியைக் காட்டித்தான் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறது. "மகள்ட மூணு பவுண் இரிக்கி சேர். அத அடகு வச்சிக் குடுத்தா ஆறு மாசத்தில ரெட்டிப்பா வரும் எண்டு சொல்றாங்க" என்றார்.

அன்று அவரோடு மஃரிப் வரை பேசினேன். அதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில் நம்முடைய பழைய ஆட்கள்

ஜாபிர் இப்னு ஹையானின் பெயரை நாம் பெருமையோடு சொல்கிறோம். தவறில்லை. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகச் சொல்லப்படும் அவருடைய பெயரில் மிகப் பெரிய நூல் தொகுதி ஒன்று இருக்கிறது. அத்தனையையும் ஒரே மனிதர் எழுதியிருக்க முடியாது என்பதே வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. அது ஒரு புறம் இருக்கட்டும். நாம் மறந்துவிடும் இன்னொரு பக்கமும் உண்டு. உலோகத்தைத் தங்கமாக மாற்றலாமா என்ற கேள்வியில் முஸ்லிம் அறிஞர்கள் எல்லோரும் ஒரே பக்கத்தில் நிற்கவில்லை.

9ஆம் நூற்றாண்டில் அல்-கிந்தி, இரசவாதிகளின் ஏமாற்று வேலைகளை எச்சரித்து எழுதினார். அவருக்கு மறுப்பு எழுதியவர் சாதாரண ஆள் இல்லை; பெரும் மருத்துவரான அல்-ராஸி. அவர் இரசவாதத்தை நம்பினார். அதே நேரம் வடித்தல், உருக்குதல், பதங்கமாக்கல் போன்ற ஆய்வுகூட வேலைகளை ஒழுங்காக எழுதிவைத்தார். பிறகு வந்த இப்னு சீனா, உலோகத்தின் நிறத்தை மாற்றிப் பொன் போலக் காட்டலாமே தவிர அதன் இயல்பை மாற்ற முடியாது என்றார். 14ஆம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் தன்னுடைய முகத்திமாவில் இதற்கென்றே ஒரு பகுதி ஒதுக்கினார். வெள்ளிக்கு மேல் தங்கம் பூசி, செம்புக்கு மேல் வெள்ளி பூசி மக்களை ஏய்ப்பவர்களைப் பற்றி அதில் கடுமையாக எழுதியிருக்கிறார்.

இவர்களுக்கு இடையில் 13ஆம் நூற்றாண்டில் அல்-ஜவ்பரி என்று ஒருவர் இருந்தார். டமஸ்கஸ் பக்கத்து ஆள். அவருடைய நூல் முழுவதும் போலிச் சூஃபிகள், போலி வைத்தியர்கள், போலி இரசவாதிகள் ஆகியோரின் தந்திரங்களை அம்பலப்படுத்துவதுதான். அதில் வரும் ஒரு கதையைத்தான் காக்காவுக்கு முதலில் சொன்னேன்.

பாரசீகத்திலிருந்து ஒருவன் டமஸ்கஸுக்கு வருகிறான். 1,000 தங்கத் தீனார்களை அராவித் தூளாக்கி, கரியும் வேறு பொடிகளும் பசையும் சேர்த்து உருண்டைகளாகப் பிடித்து உலர்த்துகிறான். பிறகு ஏழைத் துறவி வேடத்தில் மருந்துக் கடைக்காரர் ஒருவரிடம் போய், அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொல்லி, குராசானிலிருந்து வந்த அரிய மருந்து என்று சில திர்ஹங்களுக்கு விற்றுவிடுகிறான். அடுத்ததாக வேடத்தை மாற்றிப் பெரிய மனிதனாக நடமாடுகிறான். தனக்குத் தங்கம் செய்யத் தெரியும் என்று கதை பரவவிடுகிறான். செய்தி சுல்தான் நூருத்தீன் காதுக்குப் போகிறது. அரண்மனைக்கு அழைக்கிறார்கள். தேவையான பொருட்களின் பட்டியலில் அந்த அரிய மருந்தும் இருக்கிறது. ஊரெல்லாம் தேடி, கடைசியில் அதே மருந்துக் கடையில் கண்டுபிடிக்கிறார்கள். உருண்டைகளை உலையில் இட்டதும் மற்றதெல்லாம் எரிந்துபோகிறது. அடியில் சுத்தத் தங்கம்!

மருந்து தீர்ந்துவிட்டது. குராசானுக்குப் போய் இன்னும் கொண்டுவா என்று பெரும் பொருளை ஒட்டகங்களில் ஏற்றி அவனையே அனுப்புகிறார் சுல்தான். போனவன் போனவன்தான்.

அந்த ஊரில் ஒருவர் ஏமாளிகளின் பட்டியல் ஒன்று எழுதி, முதல் பெயராக சுல்தானின் பெயரைப் போட்டாராம். சுல்தான் கூப்பிட்டுக் கேட்டபோது, "அவன் திரும்பி வந்தால் உங்கள் பெயரை அழித்துவிட்டு அவனுடைய பெயரை எழுதுகிறேன்" என்றாராம்.

கதையைக் கேட்டுக் காக்கா சிரித்தார். நான் அவரிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். உலையிலிருந்து வந்தது உண்மையான தங்கம். அப்படியானால் பொய் எங்கே இருந்தது?

கொஞ்சம் யோசித்துவிட்டு, "உள்ளுக்குப் போட்டதே தங்கம்தானே சேர்" என்றார்.

அந்தப் பதிலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பக்டீரியா விடயத்தில் அது திரும்ப வரும்.

தங்கம் கரைந்தால் எங்கே போகிறது?

தங்கம் இலேசில் கரையாது. நைத்திரிக் அமிலத்தில் தனியாகப் போட்டால் கரையாது. ஐதரோகுளோரிக் அமிலத்தில் தனியாகப் போட்டாலும் கரையாது. இரண்டையும் கலந்தால் கரையும். உலோகங்களின் அரசனையே கரைப்பதால் அதற்கு இராஜ திராவகம் என்று பெயர். இதைக் கண்டுபிடித்தவர் ஜாபிர் என்று நம்மில் பலர் பகிர்கிறோம். ஆனால் இதன் செய்முறை தெளிவாகக் காணப்படுவது சுமார் 1300ஆம் ஆண்டளவில் இலத்தீன் மொழியில், ஜாபிரின் பெயரைப் போட்டு ஐரோப்பாவில் எழுதப்பட்ட நூல்களில்தான். பிறருடைய வேலையை நம் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டிய தேவை நமக்கு இல்லை. நம்முடையவர்கள் செய்ததே போதுமான அளவு இருக்கிறது.

கரைந்த தங்கத்துக்கு என்ன நடக்கிறது என்பதற்கு வரலாற்றில் ஒரு நல்ல சம்பவம் உண்டு. 1940 ஏப்ரலில் ஹிட்லரின் படை டென்மார்க்குக்குள் நுழைந்தது. கொப்பன்ஹேகனில் நீல்ஸ் போரின் ஆய்வு நிறுவனத்தில், ஜேர்மன் விஞ்ஞானிகளான மக்ஸ் ஃபொன் லௌவே, ஜேம்ஸ் ஃபிராங் இருவரின் நோபல் பதக்கங்களும் பாதுகாப்புக்காக வைக்கப்பட்டிருந்தன. ஜேர்மனியிலிருந்து தங்கத்தை வெளியே அனுப்புவது அப்போது பெரும் குற்றம். பதக்கங்களிலோ பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அங்கு வேலை செய்த ஹெவெசி என்ற இரசாயனவியலாளர் இரண்டையும் இராஜ திராவகத்தில் கரைத்து, அந்தத் திரவத்தைப் போத்தலில் ஊற்றி இறாக்கையில் வைத்துவிட்டார். படையினர் கட்டிடத்தைச் சோதித்தார்கள். போத்தலை யாரும் கவனிக்கவில்லை. போர் முடிந்த பிறகு அந்தத் திரவத்திலிருந்து தங்கத்தைத் திரும்பப் பிரித்தெடுத்தார்கள். நோபல் நிறுவனம் அதே தங்கத்தில் பதக்கங்களை மறுபடி வார்த்துக் கொடுத்தது.

கரைந்தபோது தங்கம் அழியவில்லை. ஒவ்வொரு அணுவும் மூன்று இலத்திரன்களை இழந்து, குளோரைட்டோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் நீரில் இருந்தது. இந்த நிலையைத்தான் அயன் என்று தரம் 10, 11 பிள்ளைகள் படிக்கிறார்கள். இழந்த மூன்று இலத்திரன்களையும் யாராவது திருப்பிக் கொடுத்தால் அது மறுபடி உலோகமாகிவிடும். இதற்குத் தாழ்த்தல் என்று பெயர். பக்டீரியா செய்வது இந்த வேலையைத்தான்.

தாழ்த்தும்போது அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக மட்டுமே கூடினால் மிக மிகச் சிறிய துணிக்கைகள் உண்டாகும். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நனோமீற்றர். 5 நனோமீற்றர் அகலமான தங்கத் துணிக்கையில் சுமார் 4,000 அணுக்கள் மட்டுமே இருக்கும். அந்த அளவில் தங்கம் மஞ்சளாகத் தெரியாது. 1857இல் இலண்டனில் மைக்கேல் பரடே, கரைந்த தங்கத்தைப் பொசுபரசினால் தாழ்த்தி, மாணிக்கம் போலச் சிவந்த ஒரு திரவத்தை உண்டாக்கினார். அந்தச் சிவப்புக்குக் காரணம் மிக நுண்ணிய தங்கத் துணிக்கைகள்தான் என்று விளக்கினார். கொரோனா காலத்தில் மூக்குக்குள் குச்சி விட்டுச் சோதித்தார்களே, அந்தப் பட்டைகள் பலவற்றில் தோன்றிய சிவப்புக் கோடும் தங்க நனோ துணிக்கைகளால் ஆனதுதான்.

பக்டீரியா கதைக்குள் வருவது

பரடே செய்ததை ஒரு கிருமியும் செய்யும் என்பது மெதுவாகத்தான் தெரியவந்தது.

உலோகத்தோடு உறவு வைத்திருக்கும் பக்டீரியாக்கள் நமக்குப் புதியவை அல்ல. இரும்புத் தன்மை கூடிய கிணறுகளில், குழாய்களில், செம்மஞ்சள் நிறத்தில் வழுவழுப்பாக ஒரு பாசி மாதிரிப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் இரும்புப் பக்டீரியாக்களின் வேலை. 1830களில் ஜேர்மனியரான எரன்பேர்க் இவற்றை நுணுக்குக்காட்டியில் பார்த்து எழுதினார். 1888இல் ரஷ்யரான வினோகிராட்ஸ்கி, நீரில் கரைந்துள்ள இரும்பை ஒட்சியேற்றி அதிலிருந்து இவை சக்தி பெறுகின்றன என்ற கருத்தை முன்வைத்தார். அந்தப் பாசியில் இருப்பது நனோ அளவிலான துருத் துணிக்கைகள்.

தங்கத்துக்கு வருவோம். 1980இல் கனடாவைச் சேர்ந்த பெவரிஜ், மரே என்ற இருவர், பசிலஸ் சப்டிலிஸ் என்ற சாதாரண மண் பக்டீரியாவின் கலச்சுவரில் உலோகங்கள் எப்படிப் படிகின்றன என்று ஆராய்ந்தார்கள். தங்கக் குளோரைட்டுக் கரைசலில் வைத்தபோது, 5 முதல் 25 நனோமீற்றர் வரையான தங்கத் துணிக்கைகள் அதில் உருவாகியிருந்தன. உலையும் இல்லை, கடும் அமிலமும் இல்லை, சாதாரண வெப்பநிலை.

1999இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் இன்னொரு சோதனை நடந்தது. வெள்ளிச் சுரங்கத்திலிருந்து எடுத்த சூடோமோனாஸ் ஸ்டட்ஸெரி என்ற பக்டீரியாவை, மற்றக் கிருமிகளைக் கொல்லும் அளவு வெள்ளி கரைந்த ஊடகத்தில் வளர்த்தார்கள். அது சாகவில்லை. அதன் உடம்புக்குள் 200 நனோமீற்றர் வரையான வெள்ளிப் பளிங்குகள் முக்கோணமாகவும் அறுகோணமாகவும் உருவாகியிருந்தன. உயிரினங்களைக் கொண்டு நனோ துணிக்கை செய்யலாம் என்ற ஆராய்ச்சி சூடுபிடிக்க இந்தக் கட்டுரையும் முக்கிய காரணம்.

ஆய்வுகூடத்தில் நடப்பது சரி. இயற்கையிலும் நடக்கிறதா?

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1992இல் அமெரிக்கப் புவிச்சரிதவியல் திணைக்களத்தைச் சேர்ந்த வாட்டர்சன் என்பவர், அலாஸ்காவின் ஆற்றுத் தங்க மணிகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தார். அரும்பு விடும் பக்டீரியா மாதிரியே வடிவங்கள்! தங்கத்தைப் படியவைத்ததில் பக்டீரியாவுக்குப் பங்கு இருக்கலாம் என்று எழுதினார். பெரும் பரபரப்பு. இரண்டு வருடம் கழித்து, 1994இல், அவரே இன்னொரு கட்டுரை எழுதினார். பாதரசம் கலந்த தங்கத்தை நைத்திரிக் அமிலத்தால் கழுவும்போதும், எந்த உயிரும் இல்லாமலேயே, பக்டீரியா போன்ற வடிவங்கள் உண்டாகின்றன என்று காட்டினார். அதாவது, உருவத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்று தன்னுடைய பரபரப்பான கண்டுபிடிப்புக்கே தானே கடிவாளம் போட்டார். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை.

உருவம் போதாது, உயிரின் அடையாளம் வேண்டும். 2006இல் அது கிடைத்தது. அவுஸ்திரேலியாவில் ஃபிராங் ரைத் என்ற ஆய்வாளரும் குழுவும், நியூ சவுத் வேல்ஸிலும் குயின்ஸ்லாந்திலும் உள்ள இரண்டு சுரங்கப் பகுதிகளிலிருந்து தங்க மணிகளை எடுத்து, அவற்றின் மேல் படிந்திருந்ததை மரபணு முறையில் சோதித்தார்கள். ஏறத்தாழ 80 வீதமான மணிகளின் மேல் உயிருள்ள பக்டீரியாப் படலம் இருந்தது. அவற்றில் ஒரு வகை மீண்டும் மீண்டும் வந்தது. சுற்றியிருந்த மண்ணில் அது கிடைக்கவில்லை. இன்று அதன் பெயர் கியூப்ரியாவிடஸ் மெட்டலிடியூரன்ஸ். உலோகத்தைத் தாங்குவது என்று பொருள்.

இந்தக் கிருமியை விஞ்ஞானிகள் ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். 1976இல் பெல்ஜியத்தில் ஒரு நாகத் தொழிற்சாலையின் கழிவுத் தொட்டியில், வேறு உயிர்கள் பிழைக்க முடியாத சேற்றில், இது பிழைத்துக் கிடந்தது.

ஏன் இந்த வேலை செய்கிறது?

காக்கா கேட்டார், "அதுக்கு எதுக்கு சேர் தங்கம்? அதுக்கு கலியாணமா வருது?"

சரியான கேள்வி. அதற்குத் தங்கம் தேவையில்லை. தங்கம் அதற்கு நஞ்சு.

நகையாக இருக்கும் தங்கம் யாரையும் ஒன்றும் செய்யாது. ஆனால் கரைந்த தங்கம் கலத்துக்குள் புகுந்து புரதங்களோடு ஒட்டி அவற்றைக் கெடுத்துவிடும். இயற்கையில் தங்கம் மிகக் குறைந்த அளவில்தான் கரைகிறது. சில பக்டீரியாக்கள் வெளியிடும் சயனைட்டும் அதைக் கரைக்கும். அந்த மண்ணில் செம்பும் கரைந்திருக்கும். செம்பு கொஞ்சம் தேவை, கூடினால் நஞ்சு.

2009இல் ரைத்தின் குழுவும் ஜேர்மனியின் ஹாலே நகரிலுள்ள டீட்ரிக் நீஸின் குழுவும் சேர்ந்து, இந்த பக்டீரியாவுக்குள் தங்கம் என்ன ஆகிறது என்று படிப்படியாகப் பார்த்தார்கள். கரைந்த தங்கம் வேகமாக உள்ளே வருகிறது. முதலில் கந்தகத்தோடு சேர்ந்த ஓர் இடைநிலைக்கு மாறுகிறது. கலம் தன்னுடைய தற்காப்பு மரபணுக்களை இயக்குகிறது. பிறகு தங்கம் மெதுவாகத் தாழ்த்தப்பட்டு, கரையாத நனோ துணிக்கையாக ஒதுக்கப்படுகிறது.

2018இல் இன்னும் ஒரு படி தெளிவானது. செம்பு கூடினால் வெளியே தள்ள இந்தக் கிருமியிடம் ஒரு பம்பி இருக்கிறது. தங்கமும் சேர்ந்து வந்தால் அந்தப் பம்பி அடைத்துக்கொள்கிறது. இரண்டு நஞ்சும் சேர்ந்தால் இன்னும் ஆபத்து. அப்போது கோப்ஏ என்ற நொதியம் ஒன்று வேலைக்கு வருகிறது. அது செம்பையும் தங்கத்தையும் கலத்துக்குள் இலேசில் நுழைய முடியாத வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. வாசலிலேயே தடுத்து வைப்பது மாதிரி. அப்படி உட்புறத்துக்குப் போக முடியாமல் வெளிப்புறப் பகுதியில் தேங்கும் தங்கம், சில நனோமீற்றர் அளவான தீங்கற்ற துணிக்கைகளாகப் படிகிறது.

கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 2013இல் இன்னொரு வழியையும் காட்டினார்கள். டெல்ஃப்டியா என்ற பக்டீரியா ஒரு சிறிய இரசாயனப் பொருளை வெளியே சுரக்கிறது. அது கரைந்த தங்கத்தைக் கலத்துக்கு வெளியிலேயே பிடித்து உலோகமாக்கிவிடுகிறது. நஞ்சு உள்ளே வரவே விடுவதில்லை.

ஆக, இந்தக் கிருமிகள் தங்கம் "செய்வதில்லை". உயிரைக் காப்பாற்றிக்கொள்ள, நஞ்சை நஞ்சில்லாததாக மாற்றுகின்றன. நமக்கு அது தங்கமாகத் தெரிகிறது.

வட்ஸ்அப் படம் எங்கிருந்து வந்தது?

2012இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில், கசெம் கஷெஃபி என்ற நுண்ணுயிரியலாளரும் அடம் பிரவுன் என்ற கலைப் பேராசிரியரும் சேர்ந்து ஒரு கலைப் படைப்புச் செய்தார்கள். கண்ணாடிக் கலனுக்குள் இந்த பக்டீரியா. அதற்கு உணவோடு தங்கக் குளோரைட்டு. ஏறத்தாழ ஒரு வாரத்தில் உலோகத் தங்கம் மின்னியது. அது கண்காட்சிக்கு வைத்த கலை. பெரிய அளவில் செய்தால் செலவு கட்டாது என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். பகிர்ந்தவர்கள் அந்த வரியை வெட்டிவிட்டார்கள்.

இப்போது காக்காவுடைய பதிலுக்கு வாருங்கள். தங்கக் குளோரைட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிறை தங்கமே. ஒரு பவுண், அதாவது 8 கிராம் தங்கம் எடுக்க வேண்டுமானால், 12 கிராமுக்கு மேல் தங்கக் குளோரைட்டு உள்ளே போட வேண்டும். அதற்குள் அதே 8 கிராம் தங்கம் ஏற்கெனவே இருக்கிறது. கடையில் வாங்கினால் அந்தத் தங்கத்தின் விலையோடு தயாரித்த செலவும் சேரும். பக்டீரியா ஒரு அணுத் தங்கத்தைக்கூடக் கூட்டித் தராது. ஈயம் தங்கமாவதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஈய அணுவைத் தங்க அணுவாக்க அதன் கருவையே மாற்ற வேண்டும். இலத்திரன் கொடுப்பதால் அது நடக்காது.

பாரசீகத்தானின் உருண்டையும் இந்தக் கண்ணாடிக் கலனும் கணக்கில் ஒன்றுதான். வித்தியாசம், மிச்சிகன்காரர்கள் உள்ளே என்ன போட்டோம் என்று சொன்னார்கள். அவன் சொல்லவில்லை. நம் ஊருக்கு வந்தவர்களும் சொல்லவில்லை.

இது புதிய தந்திரமும் இல்லை. 1897இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஜெர்னிகன் என்ற மதபோதகர், கடல் நீரிலிருந்து தங்கம் எடுக்கும் கம்பனி தொடங்கினார். போதகர் பொய் சொல்வாரா என்று மக்கள் பங்கு வாங்கினார்கள். அவருடைய கூட்டாளியான சுழியோடி இரவில் நீருக்கடியில் போய்ப் பெட்டிக்குள் தங்கத்தை வைத்துவிட்டு வந்தான். காலையில் எல்லோர் முன்னிலையிலும் பெட்டியைத் திறந்தார்கள். 1898இல் இருவரும் காணாமல் போனார்கள். கடல் நீரில் தங்கம் இருப்பது என்னவோ உண்மைதான். முதலாம் உலகப் போருக்குப் பிறகு, ஜேர்மனியின் போர்க் கடனை அடைக்கலாம் என்று நோபல் பரிசு பெற்ற ஃபிரிட்ஸ் ஹாபரே வருடக்கணக்காக அதை அளந்து பார்த்தார். எதிர்பார்த்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுகூட இல்லை என்று கண்டதும் கைவிட்டார். உண்மையின் ஒரு துண்டை எடுத்துத்தான் மோசடிக்காரன் கடை போடுகிறான்.

அப்படியானால் இதனால் பயனே இல்லையா?

நிறைய உண்டு. பழைய போன், கணினிப் பலகைகளில் தங்கம் இருக்கிறது. ஒரு கைத்தொலைபேசியில் சுமார் 0.03 கிராம். அதைக் கரைத்த திரவத்திலிருந்து நுண்ணுயிர்களைக் கொண்டு மீட்கும் முயற்சிகள் நடக்கின்றன. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் லின் மக்காஸ்கி குழுவினர், டிசல்ஃபோவிப்ரியோ என்ற பக்டீரியாவைக் கொண்டு கழிவுக் கரைசலிலிருந்து பலேடியத்தைப் பிடித்து, அதையே ஊக்கியாகப் பயன்படுத்தலாம் என்று காட்டினார்கள்.

இன்னும் பெரிய விடயம் தண்ணீர். 1991இல் டெரெக் லவ்லியும் குழுவினரும், நீரில் கரைந்த யுரேனியத்தைச் சில பக்டீரியாக்கள் தாழ்த்திக் கரையாத துணிக்கையாக்கிவிடும் என்று காட்டினார்கள். 2002இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ரைஃபிள் என்ற இடத்தில், யுரேனியம் கலந்த நிலத்தடி நீருக்குள் பக்டீரியாக்களுக்கு உணவாக அசற்றேற்றைச் செலுத்திப் பார்த்தார்கள். யுரேனியம் நன்றாகக் குறைந்தது. ஆனால் நாளடைவில் வேறு வகை பக்டீரியாக்கள் பெருகியதும் மீண்டும் ஏறியது. இதையும் மறைக்காமல் எழுதினார்கள். வங்காளப் பகுதியிலோ கதை தலைகீழ். அங்கே நிலத்தடியில் இரும்பைத் தாழ்த்தும் பக்டீரியாக்கள், இரும்போடு ஒட்டியிருந்த ஆசனிக்கை நீரில் விடுவிப்பதற்குக் காரணமாகின்றன. அதைக் குடித்த மக்கள் இலட்சக்கணக்கில் பாதிக்கப்பட்டார்கள். பக்டீரியா நமக்கு நண்பனும் இல்லை, எதிரியும் இல்லை. அது தன் பாட்டைப் பார்க்கிறது. எந்த நிலைமையில் என்ன செய்யும் என்று கற்றுக்கொள்வது நம்முடைய வேலை.

கடைசியாக

யாராவது இப்படி ஒரு திட்டத்தோடு வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். உள்ளே என்ன போடுகிறீர்கள்? அதற்குள் ஏற்கெனவே எவ்வளவு தங்கம் இருக்கிறது? இவ்வளவு இலாபம் வருமென்றால் உங்களுக்கு என் மகளுடைய மூன்று பவுண் எதற்கு?

காக்கா அந்த மூன்றாவது கேள்வியைத் தன் மச்சானிடம் கேட்டிருக்கிறார். பதில் வரவில்லை. மச்சான் ஏற்கெனவே கொடுத்த காசும் இன்னும் வரவில்லை. தன்னுடைய பெயரைப் போடாமல் இதை எழுதச் சொன்னதே காக்காதான். "எனக்கு வெக்கமா இரிக்கி சேர், ஆனா இன்னும் நாலு பேர் விழுந்துடப் போறாங்க" என்றார். அவருக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்டுவிட்டுக் கொடுக்க நினைத்தவர் அவர்.

உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். ஏமாந்தவர்களைக் கேலி செய்யாதீர்கள். கேலிக்குப் பயந்துதான் பலர் வாய் திறப்பதில்லை. வாய் திறக்காததால்தான் அடுத்த வீட்டாரும் விழுகிறார்கள். கொடுத்துவிட்டவர்கள் இருந்தால் ரசீது, வங்கிச் சீட்டு, வட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் பொலிஸிலும் சொல்வதற்கு நானும் கூட வருகிறேன்.

உங்கள் பிள்ளைகளிடம் இந்தப் பக்டீரியாவைப் பற்றிச் சொல்லுங்கள். நஞ்சுக்கு நடுவில் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள இப்படியும் ஒரு வழி படைக்கப்பட்டிருக்கிறது என்பதே வியப்புக்குப் போதும். அதில் பொய்யைக் கலக்கத் தேவையில்லை.